வலிக்க வலிக்க ஏறின மேடு

ஊருக்கே உத்தரவு போடுற என் மகாராணிக்கு,

அப்பா கால் பரவாயில்ல. திட்டாம படி.

மறதி முத்திப்போய் உங்கம்மாவை அந்த முதியோர் இல்லத்துல விட்டதுல இருந்து நான் அவளைப் பாக்கல. அது இருக்கிறது மேட்டுச் சந்து, வண்டி ஏறாது. நீ லீவுல வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன. அதுவரைக்கும் சும்மா இருக்க என்னால முடியுமா?

கால் ரத்தக்குழாய் அடைச்சிருக்கில்ல, கெண்டைக்கால் லேசா வலிச்சாலே உக்காந்துருவேன். அதுதான் தப்பாம். ஆஸ்பத்திரியில பயிற்சி குடுக்குற பொண்ணு, "நல்லா வலிக்கிற வரைக்கும் நடங்க தாத்தா. நின்னு, வலி போனதும் திரும்ப நடங்க"ன்னுச்சு. "உனக்கு என் பொண்டாட்டியே தேவல"ன்னேன். சிரிக்கல.

மாசக்கணக்கா அப்படியே நடந்தேன். வலிக்கிறப்ப வளையல் கடையில நின்னு விலை விசாரிப்பேன். கடைக்காரர் என்னை அடிச்சு வெரட்டாத குறைதான்.

நேத்து மேடு ஏறிட்டேன். உங்கம்மா ஜன்னலோரம் உக்காந்திருந்தா. என்னைப் பாத்து, "யாருங்க வேணும்?"னா.

"என் பொண்டாட்டியைத் தேடி வந்தேங்க."

"ஐயோ பாவம், கால் நடுங்குதே"ன்னு எழுந்து அவ நாற்காலியைக் குடுத்தா. ரொம்ப நேரம் பேசினோம். இந்த வயசுல வேத்துப் பொம்பளைகிட்ட பேச்சுக் குடுத்துட்டேன், கோவிச்சுக்காத.

கிளம்புறப்ப, "நாளைக்கும் வரட்டுமா?"ன்னேன்.

கொஞ்சம் யோசிச்சா. "உங்க வீட்டுக்காரி ஒண்ணும் சொல்லமாட்டாங்கன்னா வாங்க."

"அவ ஒண்ணும் சொல்லமாட்டா"ன்னேன்.

இப்பக் கிளம்பினாத்தான் சரியா இருக்கும். நின்னு நின்னு போகணும்.

உன் அப்பா