மேல்மாடி எழுதப்படாத பத்திரம்

அக்கா,

இன்று காலை வால்தம்ஸ்டோ ஸ்டேஷன் வாசலில் இரண்டு இளைஞர்கள் நின்றார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, நெஞ்சில் சின்னக் கறுப்புப் பெயர்ப்பட்டி. தூறலில் நனைந்துகொண்டே, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சிரித்து வணக்கம் சொன்னார்கள். மோர்மன் சபைப் பிள்ளைகள். எல்லோரையும் போல நானும் குனிந்துகொண்டு கடந்திருக்க வேண்டியவள்தான். ஆனால் கால் நின்றுவிட்டது. "உங்கட ஆக்கள் முந்தி காணிக்காகக் கோட்டிலை வழக்குப் போட்டது தெரியுமோ?" என்று கேட்க நா வரை வந்தது. கேட்கவில்லை. வேலைக்குப் போய், பள்ளிக்கூட அலுவலகத்தில் மழைக்கோட்டைக் கழற்றி மாட்டியபோதுதான் கவனித்தேன், வழி முழுக்க உங்களோடு கதைத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

நீங்கள் என்னைவிட ஏழே மாதம் மூப்பு. ஆனாலும் முதல் நாளே "அக்கா எண்டு கூப்பிடும்" என்று சொல்லிவிட்டீர்கள். ஜெர்மனியில் ஒரே நகரத்தில் ஒன்பது வருடம் இருந்தும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. லண்டனுக்கு வந்த பிறகு, காசு போட்டு உடுப்புத் தோய்க்கிற கடையில்தான் கண்டோம். பழுதான மெஷினை நீங்கள் ஜெர்மன் மொழியில் திட்ட, நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து மற்றவர்களுக்கு விளங்கக் கூடாததெல்லாம் நமக்குள் ஜெர்மன்தான்.

உங்கள் கணவர் திடீரென்று மாரடைப்பில் போன பிறகு, நான்தான் உங்களை வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனேன். முப்பது பேர்கூட இல்லாத சபை. பாஸ்டர் பகலில் மரக்கறி வான் ஓட்டுகிறவர், எங்களைவிட இளையவர். உங்கள் வீட்டில் ஹீட்டர் நின்றுபோன அந்தக் குளிரில், தன் வீட்டு ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர். இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு நடந்ததை வைத்து அவரைக் கெட்டவர் என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. நீங்களே அப்படி நினைத்ததில்லை.

ஆதி விசுவாசிகள் எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ்ந்ததைப் பற்றி அவர் பிரசங்கித்த ஒரு வெள்ளிக்கிழமை, நீங்கள் எழும்பி நின்று, உங்கள் வீடு இனிச் சபையின் வீடு என்றீர்கள். பாஸ்டர் அழுதுவிட்டார். எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அக்கா, நீங்கள் கண் மூடுமட்டும் மேல்மாடி உங்கட. கீழை ஜெபம் நடக்கட்டும்." நான் சபைச் செயலாளர். கூட்டக் குறிப்புக் கொப்பியில் அந்த வார்த்தைகளை அப்படியே எழுதினேன்.

பத்திரத்தைக் கொண்டுவந்ததும் நான்தான். நீங்கள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். சாட்சிக்குக் கையெழுத்து வைக்கப் பக்கத்து வீட்டு அம்மாவும் வந்து நின்றார்.

"என்ன எழுதிக் கிடக்கு?" என்று கேட்டீர்கள்.

"வீட்டைச் சபைக்குக் குடுக்கிறீங்கள் எண்டுதான். வையுங்கோ சைனை."

நான் அதை வாசித்திருக்கவில்லை, அக்கா. சட்ட ஆங்கிலத்தில் ஆறேழு பக்கம், அது உங்களுக்கு விளங்காது. முதல் பக்கத்தில் உங்கள் பெயரும் முகவரியும் சரியா என்று பார்த்தேன், அவ்வளவுதான். நீங்கள் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தீர்கள். மேல்மாடியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இருக்கவில்லை.

நாலு வருடத்தில் சபை பெருகியது. உங்கள் முன்னறையும் நடையும் போதாமல், படிக்கட்டில் இருந்து ஜெபித்தார்கள். அப்டன் பார்க் பக்கம் பழைய மண்டபம் ஒன்று விலைக்கு வந்தது. வீட்டை விற்று அதை வாங்குவோம் என்று சபைக் குழு தீர்மானித்தது. மூன்று மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்யும்படி உங்களுக்குப் போன கடிதத்தை டைப் பண்ணியது இந்தக் கைதான். அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் அந்தக் கடிதத்தோடு வந்தீர்கள்.

"அப்ப மேல்மாடி?"

"கர்த்தர் உங்களுக்கு வேறை இடம் ஆயத்தம் பண்ணுவார், அக்கா," என்றார் பாஸ்டர். அவர் அதை மனமார நம்பினார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கொப்பியைப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை என்னை டூட்டிங்கில் உள்ள தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னீர்கள். இடியப்பம் ஆறிக்கொண்டிருக்க, பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தீர்கள். கவுன்சில் நூலகத்தில் திரும்பி வருகிற புத்தகங்களை அடுக்குகிற உங்கள் வேலையில், கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிற பழக்கம் உங்களுக்கு. அது அமெரிக்காவில் மோர்மன்கள் முதன்முதலாகக் குடியேறிய காலத்து வரலாறு.

"கேளும். இவையளும் எங்களை மாதிரித்தான். காடும் வெளியுமாக் கிடந்த இடத்துக்கு வண்டில் கட்டிப் போய், காணி, மாடு, கலப்பை எல்லாத்தையும் சபைக்கு எழுதிக் குடுத்திருக்கினம். சபை திருப்பி ஒரு பங்கைப் பாவிக்கக் குடுக்கும். சொந்தமா இல்லை, பாவிக்க மட்டும். பிறகு சபையோடை முறிஞ்சுகொண்டு போன ஒருத்தர், குடுத்ததைத் திருப்பித் தா எண்டு கோட்டுக்குப் போயிட்டார்."

"போய்?"

"வழக்கிலை வெண்டிட்டார். சபைக்குப் பெரிய அவமானம். விசுவாசியள் தங்களுக்குள்ளை பேசித் தீர்க்கோணும், வெளிக் கோட்டுக்குப் போகப்படாது எண்டதுதான் அங்கையும் கட்டுப்பாடு. ஆனா அதுக்குப் பிறகு என்ன செய்தவை தெரியுமோ? பத்திரத்தை மாத்தினவை. திருப்பிக் குடுக்கிற பங்கை அவரவர் பேரிலையே எழுதத் துவங்கினவை."

நீங்கள் வழக்குப் போடப் போகிறீர்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேண்டாம் என்றேன். சபை உடைந்துவிடும் என்றேன்.

"உடையட்டும் எண்டு நான் போகேல்லை. நான் சந்தோசமாக் குடுத்தனான். என்னைப் பிடிச்சு வெளியிலை தள்ளேக்கை, குடுத்த சந்தோசத்தையும் எல்லோ பறிக்கினம்."

நான் சாப்பிடாமலே எழும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நாம் கதைக்கவில்லை. ஒரே பஸ்ஸில் ஏறினால் நீங்கள் கீழே, நான் மேலே. சபையில் உங்கள் பெயரைச் சொல்லாமல் உங்களுக்காக ஜெபித்தார்கள். நானும் கண்ணை மூடி ஆமென் சொன்னேன்.

வழக்கு நெருங்கியபோது பாஸ்டர் என் வீட்டுக்கு வந்தார். இளைத்துப் போயிருந்தார். "சகோதரி, பத்திரத்தை அக்காவுக்குத் தமிழிலை விளங்கப்படுத்தினீங்கள்தானே? அதை மட்டும் எழுதிக் குடுத்தாக் காணும் எண்டு எங்கட லோயர் சொல்லுறார்."

பொய் சொல்லச் சொல்லி அவர் கேட்கவில்லை. நான் விளங்கப்படுத்தினேன் என்றே நம்பியிருந்தார். அதுதான் எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய், கேத்தல் கொதித்து ஓய்ந்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்து சொன்னேன்: "நான் விளங்கப்படுத்தேல்லை, பாஸ்டர். நானே வாசிக்கேல்லை. மேல்மாடி பற்றி நீங்கள் சொன்னது என்ரை கொப்பியிலை இருக்கு."

அவர் கோபிக்கவில்லை. கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "அப்ப உள்ளதைச் சொல்லுங்கோ," என்றுவிட்டு, தேத்தண்ணி குடிக்காமலே போனார்.

நீதிமன்றத்தில் கொப்பியில் இருந்ததை வாசித்தேன், பத்திரத்தை நான் வாசிக்காததையும் சொன்னேன். ஒவ்வொரு கேள்விக்கும் தண்ணீர் குடித்தேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. எங்கள் சபைக்காரர் ஒருவர் நடைவழியில் என் காதுபட "காட்டிக்குடுத்த யூதாஸ்" என்றார். சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். தோளில் ஒரு கை பட்டது.

"சாப்பிட்டனீரோ?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டீர்கள். கடுதாசியில் சுற்றிய மீன் ரோலைப் பாதியாகப் பிய்த்து என் கையில் வைத்தீர்கள். அங்கேயே நின்று இருவரும் தின்றோம்.

விளங்கப்படுத்தாமல் வாங்கிய கையெழுத்து என்று நீதிபதி பத்திரத்தை ரத்துச் செய்தார். வீடு உங்களுக்குத் திரும்பியது. அப்டன் பார்க் மண்டபம் கைநழுவிப் போனது. சபை மூன்றாகப் பிரிந்தது. எந்தத் துண்டிலும் எனக்கு இடம் இருக்கவில்லை. பாஸ்டர் வான் ஓட்டுவதோடு நின்றுகொண்டார். வென்ற பிறகு நீங்கள் சிரித்து நான் காணவில்லை. முன்னறையில் ஒதுக்கி வைத்த கதிரைகளை மட்டும் ஒவ்வொரு வெள்ளியும் துடைத்துப் பழையபடி போட்டு வைப்பீர்கள். முதல் மாதம் நான் ஒருத்திதான் வந்தேன். பிறகு நாலைந்து பேர்.

ஒருநாள் பாஸ்டர் கேற்றுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவும் ஏலாமல், போகவும் ஏலாமல். நீங்கள் கதவைத் திறந்து, "தம்பி, குளிர் உள்ளை வருது. ஒண்டில் வாரும், இல்லாட்டில் கதவைச் சாத்தவிடும்," என்றீர்கள். அவர் வந்தார். கடைசிக் கதிரையில் இருந்தார். உங்களுக்கு நோய் என்று தெரிந்த பிறகு, சிகிச்சைக்கு உங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியது அவருடைய மரக்கறி வான்தான்.

இனி மருந்து இல்லை என்று சொன்ன கிழமையில் என்னைக் கூப்பிட்டீர்கள். மரணசாசனம் எழுதி வந்திருந்தது. வீடு ஜெர்மனியில் இருக்கிற உங்கள் மகளுக்கு. லோயர் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தருகிறேன் என்றும் நீங்கள் வேண்டாம் என்றிருக்கிறீர்கள்.

"நீர் வாசியும்," என்றீர்கள்.

வாசித்தேன். ஒரு வரியை ஆங்கிலத்தில், பிறகு தமிழில். விளங்காத இரண்டு இடத்தில் லோயரை நிறுத்திக் கேட்டேன். முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலானது. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் போனதும், நெடுநாள் அடைத்துக் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அண்டைக்குக் கோட்டிலை நான் பொய் சொல்லியிருந்தா, என்னோடை கதைச்சிருப்பீங்களோ, அக்கா?"

தலையணையில் என் பக்கம் திரும்பினீர்கள்.

"கதைச்சிருப்பன். வேறை ஆரோடை நான் ஜெர்மன் கதைக்கிறது? ஆனா இண்டைக்கு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டிருப்பன்."

நீங்கள் கண் மூடுமட்டும் மன்னிப்பு என்ற சொல்லை நாம் இரண்டு பேருமே சொல்லவில்லை. ஒரு சபையே என்னை நம்பாமல் போன பிறகு, மீன் வெட்டிய கையோடு என்னை நம்பி ஏமாந்த நீங்கள் இரண்டாம் முறையும் என்னையே நம்பினீர்கள். நான் இன்னும் சுமப்பது அந்த இரண்டாம் நம்பிக்கையைத்தான், அக்கா. அது பாரமாக இல்லை.