செயின்ட் லூயிஸில் இரண்டு இரவு

மார்ச் 9, ஞாயிறு

தேவாலயத்திலிருந்து வந்து நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கோர்டி சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துவிட்டான். மே மாதம் ஒரு வாரம் காரிலேயே ஊர் சுற்றலாமாம். ஒமஹா, கன்சாஸ் சிட்டி, செயின்ட் லூயிஸ், ஸ்பிரிங்ஃபீல்ட், அப்புறம் வீடு. கல்யாணமான இந்த நான்கு வருஷத்தில் என் புருஷன் போன மிக நீண்ட பயணம், உறைந்த ஏரி நடுவில் இருக்கும் மீன்பிடிக் குடிசை வரைதான். தேனிலவுக்கு எங்கே போகலாம் என்று கேட்டதற்கு, "ஏன், இங்க என்ன குறைச்சல்?" என்றவன்.

நான் சந்தோஷப்படத்தான் வேண்டும். பிறகு ஏன் அந்த வரைபடத்தையே முறைத்துக்கொண்டிருக்கிறேன்?

மார்ச் 12

சிகாகோ போகலாமே என்றேன். "அங்க கார் நிறுத்த இடம் கிடைக்காது." செயின்ட் லூயிஸில் மட்டும் கிடைக்குமா? மற்ற ஊர்களில் ஒரு இரவு, அங்கே மட்டும் இரண்டு. "ஆத்தங்கரையில அந்த எஃகு வளைவு இருக்கே, அதப் பாக்க வேணாமா?" என்கிறான். பார்க்கலாம். அதற்கு எதற்கு இரண்டு இரவு? அது எங்கேயும் ஓடிப்போகாது.

மார்ச் 20

விடுதியை அவனே பதிவு செய்துவிட்டான். ஆற்றங்கரையில் இல்லை. ஊருக்கு வெளியே, அரை மணி நேரம் மேற்கே, குடியிருப்புகளைத் தவிர ஒன்றுமில்லாத பேட்டையில். "அமைதியா இருக்கும்" என்றான். மினசோட்டாவில் ஏரிக்கரையில் குடியிருப்பவன் அமைதியைத் தேடி மிசௌரிக்குப் போகிறானாம்.

"அங்க யாரையாவது பாக்கணுமா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"சேச்சே, யாரும் இல்ல."

மார்ச் 29

அக்கா லாவோன் வந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். "ஆம்பளைக்குத் திடீர்னு ஊர் சுத்தணும்னு தோணினா ரெண்டே காரணந்தான் ஆர்லிஸ். ஒண்ணு டாக்டர் ஏதோ சொல்லியிருக்கணும். இல்லன்னா பொம்பளை."

டாக்டரிடம் நானும்தான் கூடப் போனேன். குதிரை மாதிரி இருக்கிறான்.

"பொம்பளையப் பாக்கப் போறவன் பொண்டாட்டியையுமா கூட்டிட்டுப் போவான்?"

"அதுலதாண்டி அவன் சாமர்த்தியமே இருக்கு."

என் முதல் புருஷன் ராஜர் சனிக்கிழமை தோறும் மீன்பிடிக்கப் போவான். கையில் மீன் வாசனையே இருக்காது. அதைக் கவனிக்கவே எனக்குப் பல வருஷம் பிடித்தது. இன்னொரு முறை ஏமாற எனக்குத் தெம்பில்லை. இந்த வீடும் இந்த மனிதனும் இல்லாமல் போனால் நான் என்ன செய்வேன் என்று யோசித்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கார் கொட்டகையில் நின்று போன் பேசுகிறான். பேசுகிறான் என்றுகூடச் சொல்ல முடியாது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன் — எண்ணை அழுத்துகிறான், காதில் வைக்கிறான், வாயே திறக்காமல் அணைக்கிறான். மறுபடியும் அதே.

உள்ளே வந்ததும், யார் என்று கேட்டேன். டயர் கடையாம். ஞாயிற்றுக்கிழமை எந்த டயர் கடை திறந்திருக்கிறது?

ஏப்ரல் 11

புதுச் சட்டை. நீலம். நான் வாங்கித் தரவில்லை.

ஏப்ரல் 19

"நிஜமாவே அங்க உனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா கோர்டி?"

"இல்ல. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத." தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

பொய் சொல்றான். இந்த மூஞ்சி எனக்குத் தெரியாதா? நான் போகப் போறதில்ல. தனியாப் போய்த் தொலையட்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆராதனை முடிந்து காபி. போதகரின் மனைவி எலுமிச்சைக் கேக்கை நீட்டினாள். வேண்டாம் என்றேன். கொஞ்சம் எடுத்துக்கோ என்றாள். ஐயோ, வேண்டவே வேண்டாம் என்றேன். மூன்றாம் முறை நீட்டியதும் எடுத்துக்கொண்டேன். இங்கே எல்லோருமே அப்படித்தான். முதல் இரண்டு மறுப்பும் மரியாதைக்கு. கேட்டவுடன் கை நீட்டுகிறவனை வளர்ப்புச் சரியில்லை என்போம்.

கேக் வாயில் இருக்கும்போதுதான் உறைத்தது. நானும் கோர்டியிடம் இரண்டு முறைதான் கேட்டிருக்கிறேன்.

திரும்பும் வழியில் காரில் கேட்டேன். "செயின்ட் லூயிஸ்ல யாரு?"

வண்டியை ஓரம் கட்டினான். "டெரக்," என்றான்.

டெரக் அவன் மகன். பெற்றோர் பிரிந்த பிறகு தாயோடு டெக்சாஸில் வளர்ந்தவன். இன்னும் அங்கேதான் இருக்கிறான் என்று நினைத்திருந்தேன். பேச்சுவார்த்தை இல்லை என்பதற்கு மேல் கோர்டி எதுவும் சொன்னதில்லை.

"கல்யாணத்துக்குக் கூப்பிட்டான். எதுக்குப்பா உனக்குச் சிரமம், வேணாம்னேன். மறுபடியும் கூப்பிட்டான். உங்கம்மா பக்கத்து ஆளுங்க இருப்பாங்க, நான் வந்து என்ன பண்ணப் போறேன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கூப்பிடவே இல்ல."

கோட்டுசூட்டு வாங்கி வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை போனுக்குக் காத்திருந்தானாம். அட மடையா, டெக்சாஸ்ல வளந்த பையனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அப்பாவுக்கு நான் வேணாம்னுதானே நினைச்சிருப்பான்? ஒன்பது வருஷம். இரண்டு பேரும் மற்றவன் கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

அங்கே இருப்பது ஒரு பெண்ணாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம். கத்தித் தீர்த்திருப்பேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"வாசல்லயே நிக்கவெச்சுத் திருப்பி அனுப்பிட்டான்னா? அசிங்கமா இருக்காதா?"

"அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போற?"

வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்: "திரும்பி வர்றப்ப வண்டிய யாரு ஓட்டுவா?"

மே 10

நான்தான் எண்ணை அழுத்திக் கொடுத்தேன். அந்தப் பக்கமாக வருகிறோம், வளைவைப் பார்க்க, என்று கோர்டி உளறினான். "வந்தா வாங்க" என்றானாம் டெரக். அப்படியென்றால் வா என்றா, வராதே என்றா? எங்கள் ஊர்க்காரன் சொல்லியிருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். எனக்கு நம்பிக்கை இல்லை.

மே 18, ஒமஹா

மிருகக்காட்சி சாலை. பென்குவின்களுக்கு முன்னால் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறான்.

மே 20, செயின்ட் லூயிஸ்

டெரக்தான் கதவைத் திறந்தான். கோர்டியின் அதே தாடை. கைகுலுக்கினார்கள். சாலை எப்படி இருந்தது, வழியில் மழையா, வண்டி எத்தனை மைல் கொடுக்கிறது — இதையே பேசிக்கொண்டு வாசலில் நின்றார்கள். உள்ளே வாருங்கள் என்று டெரக் சொல்லவில்லை. கதவில் வைத்த கையையும் எடுக்கவில்லை. நான் கைப்பையில் கார்ச் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அவன் மனைவி மரிசெல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். டெரக் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"சாப்பிட்டுட்டுப் போறீங்களாப்பா?" என்றான். வேண்டாம் என்ற பதிலுக்குத் தயாராக இருக்கிறவனின் குரல்.

கோர்டியின் வாய் பழக்கத்தில் திறந்தது. அது என்ன சொல்லப்போகிறது என்று எனக்குத் தெரியும். முழங்கையால் இடிக்கக்கூட நேரமில்லை.

"சரிடா," என்றான். "பசிக்குது."