ரிப்பன் கட்டிய ஃபேன்

என் அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. இந்த மலையில் கரண்ட் போனால் வர மூன்று நாள், நான்கு நாள் ஆகும். அது பழகிவிட்டது. வந்தால்தான் கஷ்டம்.

பாப்பா தன் சிவப்பு ரிப்பனை டேபிள் ஃபேனில் கட்டி வைத்திருந்தாள். அது படபடத்தால் கரண்ட் வந்துவிட்டது என்று கைதட்டிக் குதிப்பாள். காய்ச்சலில் அவள் போன பிறகு அதை அவிழ்க்க எங்கள் இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. ஃபேனை மட்டும் நிறுத்திப் பார்த்தோம். லைட் எரிந்தால் ரிப்பன் தொங்குவது தெரிகிறது. அதனால் கரண்ட் வந்ததும் இவர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கிவிடுகிறார்.

எதிர் குவார்ட்டர்ஸ் டிரைவர் புதிதாக வந்தவர். "என்னம்மா, எல்லா வீட்லயும் லைட் எரியுது, பம்ப் ஆபரேட்டர் வீடு மட்டும் கும்மிருட்டா கெடக்கு?" என்றார்.

"ஃபியூஸ் போயிடுச்சுண்ணே."

"தெனமுமா?"

டவுனுக்கு மாற்றல் கேளுங்கள் என்று இவரிடம் சொன்னேன். "அங்க கரண்டே போகாதேம்மா" என்றார்.

நேற்று இவர் டியூட்டிக்குப் போயிருந்தபோது கரண்ட் வந்தது. நானே எழுந்து போய் மெயினை இறக்கினேன். இருட்டானதும் நிம்மதியாக இருந்தது அக்கா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ புறப்பட்டு வா. அந்த ரிப்பனை நீயே அவிழ்த்து எடுத்துக்கொண்டு போ. தூக்கி எறிந்துவிடாதே. எங்கே வைத்திருக்கிறாய் என்று எனக்கு மட்டும் சொல்.

உன் தங்கை