புவனேஸ்வரி கேட்ட குரூப்

பேகம்பூர்,
திண்டுக்கல்.
9.7.2025

அன்புள்ள தீபாவுக்கு,

கமர்ஜஹான் எழுதுவது. நானும் உன் பாரூக் அண்ணனும் ஹஜ்ஜை முடித்துக்கொண்டு போன மாதம் இருபத்தைந்தாம் தேதி நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். அவருக்கு நடந்து நடந்து இரண்டு பாதத்திலும் கொப்புளம். இப்போது ஆறிவிட்டது, தோல் மண்டிக்குப் போய்வருகிறார். எனக்கு வறட்டு இருமல் மட்டும் இன்னும் விடவில்லை. அடுத்து உன் நலத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. கேட்கவில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று ஊரே சொல்கிறது.

வந்த நாளிலிருந்து பதினான்கு தடவை உனக்குப் போன் செய்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. அதனால்தான் பதிவுத் தபால். நீ பதில் போடாவிட்டாலும், கையெழுத்துப் போட்டு வாங்கியதற்கு ஒப்புகை அட்டையாவது எனக்கு வரும்.

நீ பள்ளியை விட்டுப் போனதில் எனக்குக் கோபமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடம் பெற்றோர் ஆசிரியர் கழகம் கொடுத்த சொற்பச் சம்பளத்தில், அதுவும் மே மாதத்தில் கிடையாது என்ற கணக்கில், இங்கிலீஷ் எடுத்தாய். நிரந்தரம் ஆகும் ஆகும் என்று உன்னை இழுத்தடித்தார்கள். நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் கூப்பிட்டு வேலை கொடுத்தால் யாராக இருந்தாலும் போவார்கள். என்னிடம் கேட்டிருந்தால் நானே உன் பெட்டியைக் கட்டிக் கொடுத்திருப்பேன். திண்டுக்கல்லிலிருந்து வடமதுரைக்கு ஒன்பது வருடம் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோமே, அதில் ஒரு நாள் காலையில் சொல்லியிருக்கலாம்.

என் கோபம் அந்த நோட்டைப் பற்றியது.

நான் எப்படி வேலை செய்வேன் என்று உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது என்பதைப் பள்ளிக்கூடத்து மேசையில் உட்கார்ந்து பேசினால் உண்மை வராது. அப்பா ஒன்று சொல்வார், பிள்ளை தலையாட்டும், முடிந்தது. அதனால் மாசி, பங்குனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகப் போவேன். பூக்காட்டில் வரப்பில் உட்கார்ந்தும் பேசியிருக்கிறேன், தறி ஓடுகிற வீட்டில் கத்தியும் பேசியிருக்கிறேன். மார்க்கைப் பற்றிக் கேட்கமாட்டேன். இந்த வீட்டில் கடைசி வார்த்தை யாருடையது, யாருக்கு எதில் பயம், பிள்ளை தனியாக இருக்கும்போது என்ன சொல்கிறது என்று பார்த்து எழுதி வைப்பேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள், நாற்பத்திரண்டு வீடுகள். என் மகள் முஹ்சினாவைக்கூட அந்த நோட்டைத் தொடவிட்டதில்லை.

தேர்வு முடிவு வரும் நேரத்தில் நான் மக்காவில் இருப்பேன், பெற்றவர்கள் யோசனை கேட்டுத் தவிப்பார்கள், எனவே நீ பார்த்துக்கொள் என்று அதை உன் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். என்னைப்போல் ஒரு மடச்சி திண்டுக்கல் மாவட்டத்தில் உண்டா?

திரும்பி வந்து பிளஸ் ஒன் வகுப்புப் பட்டியலைப் பார்த்தேன். நம் பிள்ளைகள் ஒன்பது பேர் இல்லை. எல்லோரும் உன் புதுப் பள்ளியில் சேர்ந்திருக்கிறார்கள், சேர்க்கைப் பொறுப்பு தீபா மேடம் என்றார்கள். அதில் எட்டுப் பேர் பிரியப்பட்டுத்தான் போயிருக்கிறார்கள், விசாரித்துவிட்டேன். அவர்கள் நன்றாகப் படிக்கட்டும். ஒன்பதாவது பெண் புவனேஸ்வரி.

நானூற்று எழுபத்தெட்டு மார்க் வாங்கிவிட்டு வரலாற்றுக் குரூப் கேட்ட ஒரே பிள்ளை அவள்தான். ஏன் கேட்டாள் என்பதும் உனக்குத் தெரியும், இரண்டு பக்கம் எழுதியிருந்தேனே. அவர்கள் காட்டுக்குப் போகிற வண்டிப்பாதையைப் பக்கத்துக் காட்டுக்காரன் கல் ஊன்றி அடைத்த நாளிலிருந்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கிற மனுவை எல்லாம் அவள்தான் எழுதினாள். ஏழாம் வகுப்பில் எழுத ஆரம்பித்தாள். வக்கீலுக்குப் படிக்கப் போகிறேன், அதற்கு எந்த குரூப் என்றாலும் போதுமென்று நீங்கள்தானே டீச்சர் சொன்னீர்கள், பிறகு ஏன் பிடிக்காததை ரெண்டு வருசம் படிக்கணும் என்று என்னைக் கேட்டாள். அவள் அப்பா நாச்சிமுத்துவிடம் மூன்று ஞாயிறு பேசினேன். மூன்றாவது ஞாயிறுதான் அவர், சரி டீச்சர், அது பிரியம்போல படிக்கட்டும் என்றார்.

போன சனிக்கிழமை ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். எப்போதும் காட்டிலிருந்து ஓடி வந்து வரவேற்கிற மனுஷன், கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. பழத்தை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "ஏன் டீச்சர், ஒங்க கிளாசுக்கு ஆளு கொறையுதுன்னுதான் எம்புள்ளைய வரலாறு படி படின்னு இழுத்தீகளாம்ல? ஆளு சேரலன்னா ஒங்கள வேற ஊருக்குத் தூக்கிருவாகளாம்ல? தீபா டீச்சரு எல்லாஞ் சொல்லிட்டாக."

 அதில் பாதி உண்மை. பதினைந்து பேர் சேராவிட்டால் வரலாற்றுக் குரூப்பை மூடிவிட்டு என்னை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் சொன்ன அன்று, பஸ்ஸில் உன் தோளில் சாய்ந்து அழுதவள் நான்தான். இந்த வயசில் இனி எந்த ஊருக்குப் போவேன் தீபா என்று புலம்பினேன். புவனேஸ்வரியின் விருப்பம் தெரிந்தபோது ஒருத்தி கூடினாளே என்று என் மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததையும் உன்னிடம்தான் சொன்னேன், வெட்கப்பட்டுச் சொன்னேன். அப்போது நீ, அக்கா, நீங்க அவளுக்காகத்தான் பேசுறீங்க, அது எனக்குத் தெரியாதா என்றாய். தெரிந்திருந்தும் அதையே எடுத்துக்கொண்டு போய் அவரிடம் வைத்தாயே. முழுப் பொய்யாக ஒன்றைச் சொல்லியிருந்தால் அந்த வீட்டு வாசலில் நின்று சண்டை போட்டிருப்பேன். நான் நம்பிச் சொன்னதை வைத்தே என்னைத் தலைகுனிய வைத்தாய்.

இதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்திருக்கிறாய். காலையில் பஸ் நிறுத்தத்தில் ஒருவன் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறான், அவளுக்குத் தெரிந்தால் பயந்துவிடுவாள் என்று நாச்சிமுத்து என்னிடம் மட்டும் சொன்ன விஷயம். அதை நோட்டில் எழுதியது, எந்த பஸ்ஸில் எந்தப் பிள்ளைகளோடு அவளைச் சேர்த்து வரவைக்கலாம் என்று யோசிப்பதற்கு. நீ அதை எடுத்துக்கொண்டு அய்யலூருக்கு, அவருடைய அக்கா ஜக்கம்மாளிடம் போயிருக்கிறாய். அந்த வீட்டில் கடைசி வார்த்தை அந்த அம்மாளுடையது என்று எழுதியதும் நானே. எங்க ஹாஸ்டலில் நான்கு பக்கமும் காம்பவுண்டு, எவனும் எட்டிப் பார்க்க முடியாது என்றாயாம். மறுநாளே அந்த அம்மாள் வந்து தம்பியைச் சத்தம் போட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் உயிரியல் குரூப்பில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

நான் பயணம் கிளம்பிய அன்று நடந்ததை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லோரிடமும் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். அன்றைக்கு உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நான் மன்னிப்புக் கேட்டேன். எப்போதோ ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் உன்னைச் சத்தம் போட்டதைக்கூடச் சொல்லிக் கேட்டேன். நீ தேம்பித் தேம்பி அழுதாய். நீங்க போய் எங்கிட்ட இதைக் கேக்குறீங்களேக்கா என்றாய். இந்தப் பிள்ளைக்கு நம்மேல் எவ்வளவு பாசம் என்று உன் அண்ணனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். நீ அதற்குப் பதிமூன்று நாள் முன்னாலேயே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாய், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாய் என்று தலைமையாசிரியர் இப்போது சொல்கிறார். ஆக, அன்று நீ எதற்கு அழுதாய் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அழுது முடித்துவிட்டு நோட்டையும் வாங்கிக்கொண்டு போனாய். அங்கே கஅபாவைப் பார்த்து நின்று, தீபாவுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று பெயர் சொல்லி துஆ கேட்டேன் நான்.

உன் மகன் முகேஷ்குமாருக்கும் அங்கேயே கட்டணம் இல்லாமல் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். அவன் ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் குரூப்பாம். நீட் கீட் என்று அவனைப் படுத்த வேண்டாம், அவனுக்கு எது வருமோ அதைப் படிக்கட்டும் என்று அங்குள்ளவர்களிடம் நீ வாதாடி வாங்கினாயாம். வாதாடத் தெரிந்திருக்கிறது உனக்கு.

இனி புவனேஸ்வரியின் சங்கதி. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் வீட்டுக்குப் பேசவிடுகிறார்களாம். முதல் வாரம் அழுதிருக்கிறாள். இப்போது அழுவதுகூட இல்லை, சரிப்பா சரிப்பா என்று மட்டும் சொல்கிறாள், குரலே மெலிந்துபோச்சு டீச்சர் என்றார் அவள் அம்மா. நாச்சிமுத்து உள்ளே எழுந்துபோன சமயம் பார்த்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா சொன்னது இது. சோறு இறங்கவில்லை என்று கூடப் படிக்கிற பிள்ளைகள் சொல்கிறார்களாம்.

நான் போய்ச் சொன்னால் நாச்சிமுத்து கேட்கமாட்டார். என் பேச்சுக்கு அந்த வீட்டில் மரியாதை இல்லாமல் நீ ஆக்கிவிட்டாய். ஒன்று மட்டும் உனக்குச் சொல்கிறேன். திங்கட்கிழமை உத்தரவு வந்துவிட்டது. பதினொரு பேர்தான் சேர்ந்தார்கள், நம் பள்ளியில் வரலாற்றுக் குரூப்பை மூடுகிறார்கள். அந்தப் பதினொரு பேரும் திண்டுக்கல் பள்ளிக்கு மாறுகிறார்கள். நான் சிறுமலை அடிவாரத்துப் பள்ளி ஒன்றுக்குப் போகிறேன். ஆக, புவனேஸ்வரி திரும்பி வந்தாலும் என் வகுப்புக்கு வரப்போவதில்லை. அவளால் எனக்கு இனி ஆக வேண்டியது ஒன்றுமே இல்லை. இதை நீ நாச்சிமுத்துவிடம் தாராளமாகச் சொல்லலாம்.

பள்ளி மாறுவதற்கு இந்த மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறதாம். அவளுடைய டி.சி.யும் மார்க் பட்டியலும் உங்கள் ஆபீசில்தான் இருக்கின்றன.

உன்னை நான் மன்னிக்க வேண்டும் என்று நீ நினைத்தால், நினைப்பாயோ என்னவோ, என்னிடம் கேட்டுப் பயனில்லை. ஒரு மனுஷருக்குச் செய்த குற்றத்தை அந்த மனுஷர்தான் பொறுக்க வேண்டும் என்பது எங்கள் மார்க்கம். எனக்குச் செய்ததை நான் எப்படியோ விழுங்கிக்கொள்கிறேன். அவளுடையது அவளிடம்தான் இருக்கிறது, உன் ரூமிலிருந்து நூறு அடி தூரத்தில்.

போம்மா, இன்றைக்கே போ. வார்டனை வைத்துக்கொண்டு பேசாதே, தனியாகக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவை. முதலில் ஏதாவது சாப்பிடவை. தயிர்சாதம் என்றால் சாப்பிடுவாள். பிறகு, உனக்கு என்ன படிக்க ஆசை என்று தெரியாதவள்போல் கேள். அவள் உடனே சொல்லமாட்டாள், கொஞ்சம் பொறுத்திரு. அந்தக் காம்பவுண்டுக்குள் அவளுக்குத் தெரிந்த பெரிய மனுஷி நீ ஒருத்திதான் தீபா. உன்னை நம்பித்தான் அந்தப் பிள்ளையை அங்கே விட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கமர்ஜஹான்