பத்து மணிக்கு அளந்த காணி

காரின் முன்கண்ணாடியில் பந்து பட்ட சேற்று வட்டம் அப்படியே இருக்கிறது. நேற்றிலிருந்து அதைத் துடைக்க மனம் வரவில்லை.

உன் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்காகக் கொட்டாஞ்சேனைக்கு வந்திருந்தேன். கார் நிறுத்த இடம் தேடி அலைந்து, கடைசியில் தேவாலயத்துக்குப் பின் ஒழுங்கையில் உள்ள வாகனத் தரிப்பிடத்தில் ஒரு மூலை கிடைத்தபோது சந்தோஷப்பட்டேன். எந்தக் காணி அது என்பது இறங்கிய பிறகுதான் உறைத்தது.

நாம் இருவரும் அளந்த காணி. நகரத் திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு வாரநாள், காலை பத்து மணிக்கு, நாடாவோடு போனோம். ஈ காக்கை இல்லை. சுவரில் கரியால் கிழித்திருந்த மூன்று கோடுகளைக் காட்டி, "விக்கெட்டைப் பாத்தியா மச்சான்? பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு ஒருக்கா வந்து பாப்பம்" என்றாய். அந்த நேரத்து நெரிசலில் வெள்ளவத்தைக்கு வீடு போய்ச் சேர இருட்டிவிடும் என்று நான் முணுமுணுத்தேன். படிவத்தில் 'தற்போதைய பயன்பாடு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

நீ தேவாலயத்தின் பக்கம் கையைக் காட்டினாய். "இப்ப அங்கயும்தான் ஒருத்தரும் இல்லை. அதையும் பயன்பாடு இல்லை எண்டு எழுதுவியோ?"

சிரித்துச் சமாளித்தேன். நீ கையெழுத்து வைக்கவில்லை. பதவியில் மூத்தவன் என்பதால் என் கையெழுத்தே போதுமாக இருந்தது; காணி வாகனத் தரிப்பிடமாயிற்று. அந்தத் திட்ட அறிக்கையின் அட்டையில் பட்டம் விடும் பிள்ளைகளின் படத்தைப் போட்டவனும் நான்தான். அதற்குப் பிறகு நீ ஒருமுறைகூடக் குத்திக்காட்டவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது.

நேற்றுப் பின்னேரம் பூசை முடிந்து வந்தால், கார்களுக்கு நடுவே பிள்ளைகள். பத்து வயதிருக்கும் ஒரு சிறுமி மட்டையோடு ஓடி வந்தாள்.

"சொறி அங்கிள். விக்கெட்டை உங்கட கார் மறைச்சிட்டுது. அதான் காரையே விக்கெட்டா வச்சம்."

ஏசப்போகிறேன் என்று நினைத்து ஓரடி பின்னால் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். "இப்பவே எடுக்கிறன் மகள்" என்று மட்டும் சொன்னேன். எடுத்தேன். ஒழுங்கை முனையைத் தாண்டுமுன்னே அந்த இடத்தில் வேறொரு கார் வந்து நின்றுவிட்டது.

நாளை முகத்துவாரத்தில் ஒரு வெறுங்காணி அளக்க வேண்டும். போகும் நேரம் பின்னேரம் நாலு என்று எழுதிவிட்டேன். கூட வரும் அதிகாரி, "காலையில போனா லேசுதானே" என்கிறார். நான் உன்னிடம் சொன்ன அதே நியாயம்.

உன் பேச்சை நான் கேட்பதற்கு நீ இல்லாமல் போக வேண்டியிருந்தது. வெட்கமாக இருக்கிறது மச்சான்.