மிளகாய் கட்டிய பிரி

1951 டிசம்பர் 5
ராணுவ லாரிகள் ஜிரி மலைப்பக்கம் போய்க்கொண்டே இருக்கின்றன. மலைமேல் இருக்கும் ஊர்களைக் கொளுத்தி, சனங்களைக் கீழே விரட்டுகிறார்கள். ராணுவத்தை எதிர்த்து மலையில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சோறு போட ஒரு வீடும் இருக்கக் கூடாதாம். என் கணவர் மான்சிக் அங்கேதான் இருக்கிறார். போன வருஷமே செத்துவிட்டார் என்று போலீஸிடம் சொல்லி வைத்திருக்கிறோம். மார்ச்சில் ஒருமுறை வந்து போனார். பலன் என் வயிற்றில். பஞ்சு வைத்த சட்டைக்குள் இன்னும் எத்தனை நாள் மறைப்பேன்?

டிசம்பர் 13
ஆண் குழந்தை.

டிசம்பர் 14
காலையில் பார்த்தால் வாசலில் வைக்கோல் பிரி தொங்குகிறது, நடுநடுவே சிவப்பு மிளகாய். ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது, மூன்று வாரம் வெளியாள் உள்ளே வராதே என்று ஊருக்கெல்லாம் அறிவிப்பு. மாமனார் வேலை. நாலு தலைமுறையாக ஒற்றைப் பிள்ளை வம்சம். சந்தோஷத்தில் மனுஷனுக்குப் புத்தி மழுங்கிவிட்டது. அவிழ்த்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.
"எம் பேரன் என்ன களவாணியா, ஒளிச்சு வைக்க?" என்றார்.
ஊரே பார்த்தாகிவிட்டது. இனி அவிழ்த்தால் இன்னும் மோசம்.

டிசம்பர் 16
போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். சார்ஜென்ட் பிரியைக் கண்டதும் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அவனும் கிராமத்தில் பிறந்தவன்தானே. வெளியே நின்றபடியே கேட்டான்: "புருஷன் செத்து வருஷம் ஒண்ணு தாண்டிருச்சு. புள்ளைக்கு அப்பன் யாரு?"
வேலியோரம் அக்கம்பக்கத்தார். உண்மையைச் சொன்னால் எங்களையும் சுடுவார்கள், என் கணவரைப் பிடிக்க இங்கேயே காத்தும் இருப்பார்கள். படுத்த இடத்திலிருந்து கத்தினேன்:
"எவனோ ஒருத்தன். சுமை தூக்க வந்தவன். பேருகூடத் தெரியாது."
சிரித்துக்கொண்டே போனார்கள். மாமனார் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோபமா, வெட்கமா? அவர் பிள்ளையைக் காப்பாற்றத்தானே சொன்னேன் —

டிசம்பர் 24
பிள்ளை பெற்றவளுக்குக் கடற்பாசி சூப் வைத்து வாசலில் கொடுத்துவிட்டுப் போகக்கூட ஒருத்தியும் வரவில்லை. நானே வைத்துக் குடித்தேன்.

1952 ஜனவரி 19
மலைக்கு ரகசியமாக உப்பு கொண்டு போகிறவர் வந்தார். பிரி கட்டியது, நான் கத்தியது, எல்லாமே என் கணவர் காதுக்குப் போயிருக்கிறது. என்ன சொன்னார் என்று கேட்டேன்.
"ஒண்ணும் சொல்லல தாயி. பனியிலயே உக்காந்திருந்தாரு."
நம்பிட்டாரா? மார்ச்சுல இருந்து எண்ணிப் பாக்கத் தெரியாதா அந்த மனுஷனுக்கு? என்னைத் தெரியாதா?

பிப்ரவரி 2
ஆற்று மணலில் பிணங்களைக் கிடத்தி ஊரையே வரச் சொன்னார்கள். எந்தப் பிணத்தைப் பார்த்து யார் அழுதாலும் அந்த வீடு தொலைந்தது. வரிசைக் கடைசியில் அவர் கிடந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவில் இறங்கி வரும்போது சுட்டார்களாம். பிள்ளையைப் பார்க்க வந்தாரா, என்னைக் கேட்க வந்தாரா? இனி யாரிடம் கேட்பேன்?
தெரிந்த முகமா என்று சார்ஜென்ட் கேட்டான். மாமனார் குனிந்து நிதானமாகப் பார்த்தார்.
"யாருன்னு தெரியலையே" என்றார்.
திரும்பும் வழியெல்லாம் என் கையை விடவில்லை. மருமகள் கையை மாமனார் பிடித்துப் போவதை ஊரே பார்த்தது. பார்க்கட்டும். இனி எனக்கு எந்தப் பேர் வந்தால் என்ன.