உன் புத்தகத்தில் ஒரு பொய்

நண்பா,

உன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கான அச்சுப்படியை உன் மகள் நேற்று என்னிடம் கொடுத்தாள். “பிழை இருந்தா பார்த்துடுங்க அங்கிள். அப்பா இருந்தா உங்ககிட்டதான் கொடுத்திருப்பாரு” என்றாள். புதுக் காகித வாசம் வீடெல்லாம் வீசுகிறது. பாதி வெட்டிய படம், கேள்விக்குறி போட்டுத் தப்பிக்கும் தலைப்பு என்று ஊடகங்கள் நம்மை ஏமாற்றும் விதங்களை எல்லாம் எழுதியவன் நீ. அந்தப் புத்தகத்திலேயே ஒரே ஒரு பொய் இருப்பது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஆங் மோ கியோவில் நம் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே உட்கார்ந்து நீ நாளிதழ் படிப்பாய். படத்துக்கு அடியில் இருக்கும் வரியைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு, “இப்ப சொல்லு, என்ன தெரியுது?” என்று என் உயிரை வாங்குவாய். “படம் பேசாது லா. கீழ எழுதுறவன்தான் பேசுறான்” என்பாய். நான் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய், கைபேசியில் வந்ததையெல்லாம் நாலு பேருக்கு அனுப்பிக்கொண்டிருப்பேன்.

அப்படித்தான் அந்த எலிப் படத்தையும் அனுப்பினேன். எந்த நாட்டுச் சமையலறையோ! ‘தேக்காவில் ஒரு காப்பிக்கடை’ என்று மட்டும்தான் அதில் இருந்தது. தேக்காவில் நாம் தினமும் போகும் கடையின் பெயரைச் சேர்த்தது நான். அது கைமாறி சிங்கப்பூரெல்லாம் சுற்றியது. கடையில் ஈ ஓட்டினார்கள். இரண்டு வேலையாட்களை ஊருக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. முதலில் அனுப்பியவன் யாரென்று உன்னிடம் மட்டும் ஒப்புக்கொண்டேன்.

அதைப் புத்தகத்தில் எழுதியே தீருவேன் என்றாய். என் மகளுக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் கடைக்காரருக்கு நெருங்கிய சொந்தம். புத்தகம் வந்ததும் பதறிப்போய்ப் புரட்டினேன். ‘அதை அனுப்பியவன் நான்தான்’ என்று உன்னைச் சொல்லி எழுதியிருந்தாய். ஏன்டா என்று கேட்டதற்கு, “மொதல்ல கல்யாணம் நல்லபடியா முடியட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்” என்றாய்.

கல்யாணம் முடிந்தது. பேரனும் பிறந்தான். அந்த ‘அப்புறம்’ மட்டும் வரவில்லை, நான் வரவிடவில்லை. கடைக்காரர் முகம் கொடுக்காததால் நீ அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாய். நான் மட்டும் போய்க் குடித்துக்கொண்டிருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மருமகன் என்ன நினைத்தாலும் சரியென்று, அச்சுப்படியில் அந்த ‘நான்தான்’ என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். இன்று காலை தேக்காவுக்குப் போய், “அண்ணே, அத அனுப்பினது நான்தான்” என்றேன். அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“உங்க கூட்டாளி ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஆள் விட்டு என் கடை காப்பி கேட்டாரு. இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேனே” என்றார்.

எனக்கு இது தெரியாதுடா. தினமும் உன் கட்டிலருகே வந்து உட்கார்ந்தேனே, என்னிடம் கேட்டிருந்தால் ஓடிப்போய் வாங்கி வந்திருப்பேனே. கேட்டால் எனக்கு மனசு குத்தும் என்றுதானே கேட்காமல் இருந்தாய்?